இரண்டாவது இரவுக்கு ஒரு தோப்பு

ஆனந்தவல்லிக்கு வேண்டியவர்கள் ராஜபாளையத்தில் கொஞ்சம்தான். வேண்டாதவர்களை அவளே தேடித் தேடிச் சேர்த்தாள் என்று மில்லில் சொல்வார்கள். நூல் மில்லில், பஞ்சை நூலாக முறுக்கும் ரிங் ஃப்ரேம் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவள். அறுந்த இழையை ஒட்டாமல் கதை பேசிக்கொண்டு நிற்கும் பெண்ணை அவள் திட்டினால், அத்தனை மிஷின் இரைச்சலையும் மீறி அடுத்த வரிசைக்குக் கேட்கும். ஓய்வு பெற்ற அன்று பிரிவுக்காரர்கள் சால்வை போர்த்தி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அங்கேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது முந்தி ஓடுதே" என்றாள். அதற்குப் பிறகு அவளைப் பார்க்க யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். சர்க்கரை வந்ததும், மாத்திரை போதாது, நடக்கவும் வேண்டும் என்றார் டாக்டர். காலையில் மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தவளுக்கு மைதானம் சீக்கிரமே சலித்துப்போயிற்று. அய்யனார் கோயில் சாலையில் மலையடிவாரம் வரைக்கும் நடந்துவிட்டு வருவாள். அவளுடைய வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கூட வந்தவள் பியூலா. காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற சின்ன யூனிட் ஒன்றைக் கணவனோடு நடத்துகிறவள். திட்டினால் சிரிப்பாள். அதனாலேயே அவள் நிலைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள். கிருஷ்ணன்கோவிலில் பெண்கள் விடுதி வார்டனாக இருந்த மாரீஸ்வரி, ஒரு மருந்துக்கடைக்காரி, ஒரு தையல்காரி என்று எட்டுப் பேர் ஆனார்கள்.

அதே மைதானத்தில் ஆண்களுடைய நடைக் குழு ஒன்று இருந்தது. தலைவர் ராஜரத்தினம், பெயிண்ட் கடை வைத்திருப்பவர். அவர்கள் ஒருமுறை அய்யனார் கோயிலிலிருந்து மலையடிவாரத்தை ஒட்டியே வடக்கே தாணிப்பாறை வரைக்கும் சில நாட்களாக நடந்து முடித்து, பேனர் கட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, "நாமளும் போவோமாக்கா?" என்றாள் பியூலா. பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ராஜரத்தினம் தலையைத் தூக்கினார்.

"பகல்ல யாரும் நடந்துரலாம்மா. ராத்திரி எங்க தங்குவிய? மரத்துலயா?"

"நீங்க எங்க தங்கினிய?" என்று கேட்டாள் ஆனந்தவல்லி.

"எங்களுக்கு வேன் வந்துரும். பொழுதடைய வீட்டுக்கு வந்துட்டு, காலைல விட்ட எடத்துலருந்து நடப்போம்."

"அப்ப நீங்க நடக்கல. வேன்ல போயிட்டு வந்திய."

பெஞ்சில் இருந்த மற்ற ஆண்கள் சிரித்தார்கள். ராஜரத்தினத்துக்கு முகம் சுண்டிப்போனது. ஆனந்தவல்லி அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "நாங்க தாணிப்பாறை போய்ச் சேர்ற வரைக்கும் வண்டி ஏற மாட்டோம். தங்குறதும் மலையடிவாரத்துலயேதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். கூட நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சொல்லிவிட்ட பிறகுதான் வேலை ஆரம்பமானது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பியூலாவின் ஸ்கூட்டியில் ஏறி, மலையடிவாரத்து மண் பாதைகளை அலசினார்கள். நடக்கிற வழியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தோப்புகளுக்கும் கண்மாய்க்கரைகளுக்கும் நடுவே வண்டித்தடம் எங்கும் இருந்தது. தங்குவதுதான் மலையாக நின்றது. காட்டுக்குள் இரவு தங்க வனத்துறை விடாது. காட்டுக்கு வெளியே, பட்டா நிலத்தில்தான் இடம் பார்க்க வேண்டும். அந்த நிலங்களுக்கும் அந்தி சாய்ந்தால் யானை இறங்கிவிடும். ஆகவே கூடாரம் அடிக்கிற பேச்சே கிடையாது. உறுதியான கதவு வேண்டும், கழிப்பறை வேண்டும், யாருக்காவது காய்ச்சல் கண்டால் ஆம்புலன்ஸ் வர ரோடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் எட்டுப் பேரும் நடந்து சேரக்கூடிய தூரத்தில் அது இருக்க வேண்டும். வலுத்தவள் நடையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, இளைத்தவள் நடையை வைத்துத்தான் போட வேண்டும் என்பதில் ஆனந்தவல்லி கறாராக இருந்தாள்.

முதல் இரவுக்கு மம்சாபுரம் பக்கம் பியூலாவின் சித்தப்பா வீடு அமைந்தது. மூன்றாவது இரவுக்குக் கூமாபட்டியில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. அங்கிருந்து மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறை ஒரு பகல் நடை. இரண்டாவது இரவுதான் உதைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புப் பக்கத்தில் எங்காவது தங்கினால்தான் முன்னும் பின்னும் தூரம் சரியாக வரும். அங்கே ஒரு சாதி மடம் இருந்தது. அதன் நிர்வாகி எட்டுப் பெண்களின் பெயரையும் கேட்டுவிட்டு, "கூட ஆம்பளையாளு யாரு வாராக?" என்றார்.

"யாரும் வரல."

"அப்ப பொறவு பாப்போம்."

"பொறவுன்னா? நாங்க ஆம்பளையா மாறின பொறவா?" என்று கேட்டுவிட்டு ஆனந்தவல்லி படியிறங்கிவிட்டாள். அந்தக் கதவு அத்தோடு மூடியது. ஒரு பண்ணை வீட்டுக் காவலாளி, முதலாளி குடும்பமாக வருபவர்களுக்குத்தான் கொடுப்பார் என்றான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் லாட்ஜில் தங்கலாம் என்றால், தார் ரோட்டில் வேகாத வெயிலில் அவ்வளவு தூரம் இறங்கி, மறுநாள் திரும்ப ஏற வேண்டும். ஆட்டோ பிடித்தால் ராஜரத்தினம் சிரிப்பார்.

அப்படித் திரும்பும்போதுதான் பியூலா வண்டியை நிறுத்தினாள். ரோட்டோரமாகக் கம்பிக் கேட்டு, உள்ளே தென்னையும் மாவும், நடுவில் நீளமான ஓட்டு வீடு, அதை ஒட்டிக் காங்கிரீட் போட்ட பெரிய ஹால். பம்ப்செட்டிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. எதிரிலேயே பஸ் ஸ்டாப்.

"அக்கா! இதைவிட எடம் வேணுமா? யாரு தோப்பு இது?"

"வண்டிய எடு."

"கேட்டுப் பாப்போமே."

"வண்டிய எடுடின்னா."

அது ஆனந்தவல்லியின் கணவன் வேல்சாமி செத்த இடம். அவனுடைய அக்கா அழகுத்தாயின் தோப்பு. தகப்பன் வைத்திருந்த இடம் முறைப்படி அவளுக்கு வந்தது, அதில் வழக்கு ஒன்றும் இல்லை. வேல்சாமி விவசாயத்தைப் பார்த்துக்கொள்ள தினமும் ராஜபாளையத்திலிருந்து வந்துபோவான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் தொட்டியடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆனந்தவல்லி அப்போது ஷிப்டில் இருந்தாள். செல்போனை மிஷின் பக்கம் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் பூட்டிவிட வேண்டும். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோதுதான் போனில் குவிந்து கிடந்த அழைப்புகளைப் பார்த்தாள். ஆட்டோ பிடித்து வந்து இறங்கியபோது, கூடியிருந்த அத்தனை பேர் நடுவிலும் அழகுத்தாய் மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "ஷிப்ட முடிச்சிட்டு வந்துட்டாடி மகராசி! பாதில வந்தா சம்பளத்தப் பிடிச்சிருவான்லா!"

ஆனந்தவல்லி பதில் சொல்லவில்லை. பிணத்தைப் போட்டு வைத்துக்கொண்டு பதில் சொல்லத் தோன்றவில்லை. மறுவாரம் மில் கேட்டில் விசாரித்தாள். போனே வரவில்லை என்று கேட்டுக்காரர் சத்தியம் செய்தார். அழகுத்தாய் கேட்டுக்குப் போன் போட்டதாகவும், ஆளிடம் சொல்லியாகிவிட்டது என்று அங்கிருந்து பதில் வந்ததாகவும் உறவுக்காரர்கள் சொன்னார்கள். இரண்டில் ஒன்று பொய். எது என்று தெரியவில்லை. காரியம் முடிந்த பிறகு அழகுத்தாய் அவளோடு பேசவும் இல்லை, தோப்புப் பக்கம் விடவும் இல்லை. ஆனந்தவல்லிக்குப் போகவும் மனம் இல்லை. மற்ற எல்லாரிடமும் நீளுகிற நாக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்டிப்போட்டதுபோலக் கிடந்தது.

மறுநாள் பியூலா அவளிடம் சொல்லாமல் தனியாகப் போய்விட்டு வந்தாள்.

"தாரேங்காவ அக்கா. ஆனா நீங்களே நேர்ல வந்து கேக்கணுமாம்."

"யாரக் கேட்டுடி போன?"

"யாரையும் கேக்கல. வேற எடம் இருந்தாச் சொல்லுங்க, அங்க போவோம்."

வேறு இடம் இல்லை. அது இருவருக்குமே தெரியும். ஆனந்தவல்லி பியூலாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பிறகு, தனியாகப் பஸ் ஏறிச் செண்பகத்தோப்புக்குப் போனாள்.

கேட்டை ஒட்டி உள்பக்கமாக அழகுத்தாய் உட்கார்ந்து, உரித்த தேங்காய்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு பெருத்து, தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கேட்டில் கொண்டி போட்டிருந்தது.

"மதினி" என்றாள் ஆனந்தவல்லி, வெளியே நின்றபடி.

"நான் யாருக்கும் மதினி இல்ல. எந்தம்பியோட அது போச்சு. என்ன வேணும்?"

"பியூலா வந்து கேட்டாளாம்லா."

"அவ கேட்டா. நீ இன்னும் கேக்கலயே."

ஆனந்தவல்லி கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். "நாங்க எட்டுப் பேரு நடந்து வாரோம். ஒரு ராத்திரி தங்க எடம் வேணும். தாங்க."

அழகுத்தாய் ஒரு காயை எடுத்துத் தட்டினாள். சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, சின்னக் குவியலில் எறிந்தாள்.

"வரட்டும். ஹாலு சும்மாதான் கெடக்கு. தண்ணிக்குக் கொறவில்ல. சோறும் நானே பொங்கிப் போடுதேன், ஊரான் வீட்டுப் பிள்ளைகளப் பட்டினி போட மாட்டேன். ஆனா நீ இந்தக் கேட்டத் தாண்டப்படாது."

"சரி."

"ஒடனே சரிங்கியே. எங்க படுப்ப?"

"அது எம்பாடு."

"ஆமா, எப்பவும் ஒம்பாட்டத்தான் பாத்துக்கிடுவ" என்றாள் அழகுத்தாய். ஆனந்தவல்லி திரும்பி எதிர்ப்பக்கம் போய்ப் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். பஸ் வரும்வரை அவளுக்குப் பின்னால் தேங்காய் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பொங்கல் கழிந்து நடந்தார்கள். முதல் நாள் அய்யனார் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பனி விலகாத காலை, இடதுபக்கம் மலை, வலதுபக்கம் பருத்தியும் கரும்பும். தையல்காரிக்குக் குதிகாலில் கொப்புளம் வந்தது, அது தவிர ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் சூடு கூடுதல். ஆனந்தவல்லி முன்னாலும் பின்னாலுமாக ஓடி, உட்காருகிறவளை எழுப்பி, தண்ணீர் குடிக்காதவளைத் திட்டி, ஆட்டு மந்தைபோல ஓட்டி வந்தாள். "வார்டன் வேல எனக்கா இவியளுக்கா?" என்று மாரீஸ்வரி முணுமுணுத்ததைக் கேட்காததுபோல இருந்துகொண்டாள்.

தோப்புக் கேட்டில் அழகுத்தாய் காத்திருந்தாள். "வாங்கத்தா, வாங்க. கால் கழுவிட்டு வாங்க. மோர் எடுத்து வெச்சிருக்கேன்" என்று ஏழு பேரையும் அழைத்துக்கொண்டாள். எட்டாவது ஆளைப் பார்க்கக்கூட இல்லை. கொண்டி விழுந்தது.

"அக்கா வரலயா?" என்று உள்ளிருந்து மருந்துக்கடைக்காரி கேட்டாள்.

"வீட்டுல ஒரு வேல இருக்கு. காலைல வந்துருவேன்" என்றாள் ஆனந்தவல்லி. பியூலா மட்டும் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போ, போயிப் படு" என்று அவளை விரட்டிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள். தாணிப்பாறை வரைக்கும் வண்டி ஏறமாட்டேன் என்று சவால் விட்டவள், அந்த எட்டுப் பேரில் முதலாவதாக வண்டி ஏறினாள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெண்கள் பையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். யாரும் "வாங்கக்கா" என்று சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தையல்காரி தன் செருப்பு வாரை மறுபடி மறுபடி இழுத்து மாட்டினாள். ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஆனந்தவல்லிக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"என்ன சொன்னா?" என்று பியூலாவிடம் கேட்டாள்.

பியூலா வாய் திறப்பதற்குள் மாரீஸ்வரி முந்திக்கொண்டாள். "ஒங்க வீட்டுக்காரரு செத்தது தெரிஞ்சும் ஷிப்ட முடிச்சிட்டுத்தான் வந்தியளாமே, நெசமா?"

ஆனந்தவல்லி நேராகக் கேட்டுக்குப் போய்க் கம்பியில் ஓங்கி அடித்தாள். அழகுத்தாய் சாணி வாளியோடு தொழுவத்திலிருந்து வந்தாள்.

"எம்மூஞ்சிக்கு நேராச் சொல்லு."

"என்னத்த?"

"ராத்திரி இவியகிட்ட சொன்னத."

"சொன்னேன். இன்னும் சொல்லுவேன். மில்லு கேட்டுக்கு எங்கையாலதாட்டி போன் போட்டேன். ஆளுகிட்ட சொல்லியாச்சு, வந்துருவாங்கன்னான். நீ வரல."

"எங்கிட்ட யாரும் சொல்லல. போன் லாக்கர்ல கெடந்துச்சு. சாயங்காலந்தான் எனக்குத் தெரியும்."

"அவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"எனக்குத் தெரியாது. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"இத்தன வருசமா வாய்ல என்ன வெச்சிருந்த? இன்னைக்கு நாலு பேரு காறித் துப்பினதும் பேச்சு வருது."

"நீ கேட்டியா? ஒரு நாளாச்சும் என்னக் கூப்பிட்டு, என்னட்டி நடந்துச்சுன்னு கேட்டியா? எழவு வீட்டுல வெச்சுத் தீர்ப்பு எழுதிட்டியே!"

வாளியைக் கீழே வைத்தாள் அழகுத்தாய். குரல் இறங்கவில்லை. "நான் ஒண்ணும் எழுதல. எம்மடில தலைய வெச்சுக் கெடந்தான். தண்ணி ஊத்துனேன், தொண்டைல எறங்கல. அப்பயும் ஒன்னத்தான் கேட்டான். பெத்த தாய் மாதிரி வளத்தவ நான் பக்கத்துல இருக்கேன், ஒன்னத்தான் கேட்டான்!"

இதை யாரும் ஆனந்தவல்லியிடம் சொன்னதில்லை. உட்கார்ந்த உடனேயே உயிர் போய்விட்டது, பேச்சே இல்லை என்றுதான் உறவுக்காரர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

"என்ன கேட்டாரு?"

"ஒனக்கு எதுக்கு?"

"என்ன கேட்டாருன்னு சொல்லு."

அழகுத்தாய் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வள்ளி வந்துட்டாளான்னு கேட்டான். நான், இந்தா வந்துட்டா, வந்துக்கிட்டிருக்கான்னேன். பொறவும் அதையே கேட்டான்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வராதவளுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். "எடத்தக் காலி பண்ணுங்க. மாடு பத்தணும்."

ஆனந்தவல்லி ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தாள். அழுதாளா என்று கேட்டால் பியூலா இல்லை என்றுதான் சொல்வாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள், மிச்சத்தை முகத்தில் ஊற்றிக்கொண்டாள், எழுந்துவிட்டாள்.

"கெளம்புங்க. வெயில் ஏறிரும்."

"நான் வரல" என்றாள் மாரீஸ்வரி. "ஒங்க குடும்பச் சண்டைய நடுவுல வெச்சுத் தீக்கவா எங்களக் கூட்டியாந்திய? இப்படின்னு மொதல்லயே சொல்லியிருக்கணும்லா?"

அதில் நியாயம் இருந்தது. ஆனந்தவல்லிக்கு அது உறைத்தது. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"ராத்திரி நல்லாத் தூங்கினியா?"

"தூங்கினேன். அதுக்கென்ன?"

"அப்ப எடம் சரிதான். எடம் பாக்குறதுதான் நான் ஏத்துக்கிட்ட வேல."

மாரீஸ்வரியும் மருந்துக்கடைக்காரியும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். மற்ற ஆறு பேரும் நடந்தார்கள். அன்றைக்கு ஆனந்தவல்லி யாரையும் திட்டவில்லை. பின்னால் வந்தவள் உட்கார்ந்தால் தானும் நின்றாள். அதுவே மற்றவர்களுக்குப் பயமாக இருந்தது. கூமாபட்டிக்கு முன்னால் ஒரு கண்மாய்க்கரையில் ஏறும்போது பியூலா அவளோடு சேர்ந்துகொண்டு, "நான் ஒங்கள நம்புதேங்க்கா" என்றாள்.

"நீ நம்பி என்ன ஆகப்போவுது?" என்றாள் ஆனந்தவல்லி. கொஞ்சதூரம் போய், "அவ சொன்னது நெசமா இருக்குமா? இல்ல, என்ன நோகடிக்கச் சொன்னாளா?" என்று கேட்டாள்.

"நோகடிக்கணும்னு நெனச்சா முந்தியே சொல்லியிருப்பாவளே."

மறுநாள் மகாராஜபுரத்துத் தென்னந்தோப்புகளைத் தாண்டித் தாணிப்பாறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தையல்காரி எல்லாரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். அதில் ஆனந்தவல்லி சிரிக்கவில்லை.

ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய கேட்டுக்காரரைத் தேடிக்கொண்டு போனாள். அவர் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. யார் பொய் சொன்னது என்பது இனித் தெரியப்போவதில்லை. மைதானத்தில் ராஜரத்தினம் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நடுவுல பஸ்ல போனியளாமே. மாரீஸ்வரி சொல்லுச்சு."

"போனேன்."

"அப்ப எங்களச் சொன்னது?"

"மத்த அஞ்சு பேரும் முழுசா நடந்தாவ. அவியகிட்டப் போயி இப்படிக் காலாட்டிக்கிட்டுக் கேளுங்க" என்றாள். ராஜரத்தினம் கேட்கவில்லை. ஆனால் மைதானம் முழுக்கச் சொன்னார். ஆனந்தவல்லி மறுப்புச் சொல்லப் போகவில்லை.

அடுத்த தை மாதமும் நடந்தார்கள். மாரீஸ்வரி வரவில்லை, புதிதாக நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். பியூலா வேறு இடம் தேடலாம் என்றபோது ஆனந்தவல்லி ஒத்துக்கொள்ளவில்லை. தன்னுடைய சண்டைக்காகப் புதிதாக வருகிறவர்களை வெயிலில் கூடுதல் தூரம் நடக்க வைக்க அவளுக்கு இஷ்டமில்லை. பியூலாவே போன் போட்டு அழகுத்தாயிடம் பேசினாள். நிபந்தனை மாறவில்லை.

அன்றைக்கு வழியில் ஒருத்திக்குக் கால் பிசகியதால் தோப்புக்கு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிட்டது. பெண்கள் உள்ளே போனார்கள். ஆனந்தவல்லி எதிரே போய் நின்றாள். பஸ் வரவில்லை. மலை கறுத்துக்கொண்டு வந்தது. கீழ்த்தோப்பில் யாரோ வெடி போடுகிற சத்தம் கேட்டது, தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம் என்று ரோட்டில் இறங்கினாள்.

"ஏட்டி!"

கேட்டுக்கு உள்ளே நின்று அழகுத்தாய் கத்தினாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் ஆனந்தவல்லியிடம் பேசிய முதல் வார்த்தை.

"எங்க போற? பஸ்ஸு மத்தியானமே ரிப்பேராகி நின்னுபோச்சு."

"நடந்து போறேன்."

"நடந்தா நேரா ஆனைக்குத்தான் போவ. கீழ்த்தோப்புல நிக்கி."

"அப்ப என்ன செய்யச் சொல்லுத?"

"நான் ஒண்ணும் சொல்லல. வில்லிபுத்தூர்லருந்து ஆட்டோ வருது. காச நீ குடுத்துரு, எங்கணக்குல ஏத்தப்படாது." சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஹாலில் விளக்கு எரிந்தது, பெண்கள் சிரிப்பது கேட்டது. கேட்டில் கொண்டி போட்டபடியேதான் இருந்தது.

ஆட்டோக்காரன் வந்த வேகத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். இறங்கி நிற்கக்கூட விடாமல் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தான். ஊர் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"அவிய ஒங்களுக்கு அக்காளாம்மா?"

"நாத்தனா. எங்களுக்கு ஆகாது."

"ஆகாதா? வண்டி கெளம்புறதுக்குள்ள நாலு தடவ போன் போட்டுட்டாவம்மா. எங்கலே வார, எங்கலே வாரன்னு ஒரே ஏச்சு. ஒத்தையில நிக்கா, ஆனை எறங்கிருச்சுன்னு..."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் ஆனந்தவல்லி.